கிடங்கின் வைஃபையிலிருந்து கிளவுட் சேமிப்பகம் வரை: ஓர் ஊடுருவலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று கிடங்குகளும் ஒரு தலைமை அலுவலகமும் கொண்ட நடுத்தர அளவிலான சரக்கு விநியோக நிறுவனம் ஒன்றில் நிகழ்ந்தது இங்கே பதிவு செய்யப்படுகிறது. நிறுவனத்தின் பெயரும் தொடர்புடையோரின் பெயர்களும் விலக்கப்பட்டுள்ளன. ஊடுருவல் தெரியவந்த பின் பதிவுகளை ஆராயும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே கீழே சொல்லப்படும் முடிவுகளில் சரியானவற்றிலும் தவறானவற்றிலும் எனக்குப் பங்கு உண்டு.

கிடங்குகளில் சரக்கு வருவதும் போவதும் கையடக்க பார்கோடு ஸ்கேனர்களால் பதிவாகின்றன. நிகழ்வு நடந்த கிடங்கில் அப்படிப்பட்ட ஸ்கேனர்கள் 140 இருந்தன. அவை அனைத்தும் ஒரே வைஃபை பெயரில், ஒரே பொதுக் கடவுச்சொல்லுடன், டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் இணைந்திருந்தன. அந்தக் கடவுச்சொல், நிறுவனத்தின் சுருக்கப் பெயரையும் அது தொடங்கப்பட்ட ஆண்டையும் சேர்த்து அமைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளாக மாற்றப்படவில்லை. மாற்றாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. ஒவ்வொரு ஸ்கேனரிலும் அதைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால், ஒரு முழு ஷிப்ட் வேலையை நிறுத்தாமல் மாற்ற வழி இருக்கவில்லை.

சரக்கு பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்ட ரசீதுகளின் படங்கள் கிடங்கிலுள்ள ஒரு சிறிய கணினியில் சேர்ந்து, இரவில் கிளவுட் சேமிப்பகத்துக்கு ஏற்றப்பட்டு வந்தன. ஒவ்வொரு ரசீதிலும் பெயர், முகவரி, தொலைபேசி எண், கையொப்பம் ஆகியவை இருந்தன. ஏற்றும் வேலையைச் செய்த ஸ்கிரிப்டுக்குள், கிளவுட் கணக்கின் நீண்டகால அணுகல் சாவி எழுத்துக்கு எழுத்து அப்படியே வைக்கப்பட்டிருந்தது. அதை உருவாக்கியவர், சோதனைக் காலத்துக்கு மட்டும் என்று நினைத்து, சேமிப்பகம் முழுவதையும் வாசிக்கவும் எழுதவும் மெய்நிகர் கணினிகளைத் தொடங்கவும் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். அவர் வேலையை விட்டுச் சென்ற பிறகும் அனுமதிகள் குறைக்கப்படவில்லை.

வைஃபையும் உள் நெட்வொர்க்கும் ஒரு குழுவின் பொறுப்பு. கிளவுட் மற்றொரு குழுவின் பொறுப்பு. அந்தச் சிறிய கணினியை நெட்வொர்க் குழு கிளவுட் குழுவினுடையதாகவும், கிளவுட் குழு கிடங்கு நிர்வாகத்தினுடையதாகவும் கருதி வந்தன. நடந்த அனைத்தும் அந்த ஓர் இயந்திரத்தின் வழியாகவே நடந்தது.

முதல் மூன்று காலைகள்: கவனிக்கப்படாத அறிகுறி

காலை ஷிப்டின் கண்காணிப்பாளர் தம் குறிப்பேட்டில் எழுதிய வரிகளிலிருந்தே இந்த நிகழ்வின் காலக்கணக்கு தொடங்குகிறது. "7.10 - எல்லா ஸ்கேனரும் ஒரே நேரத்தில் விட்டுப்போனது. 7.12 - மறுபடியும். 7.13 - மறுபடியும். பிறகு சரி." அடுத்த இரண்டு காலைகளிலும் இதே போன்ற குறிப்புகள் உள்ளன. முதல் நாளே அவர் உதவி மையத்துக்குப் புகார் கொடுத்தார். அண்மையில் பொருத்தப்பட்ட கன்வேயர் மோட்டார்களால் அலைவரிசையில் குறுக்கீடு ஏற்பட்டிருக்கலாம் என்ற விளக்கத்துடன், அந்தப் புகார் 11 நிமிடங்களில் முடித்து வைக்கப்பட்டது.

மோட்டாரால் வரும் குறுக்கீடு, அதன் அருகிலுள்ள சில கருவிகளின் வேகத்தை முதலில் குறைக்கும்; கிடங்கின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒரே நொடியில் முழுமையாக இணைப்பை இழந்து, சில நொடிகளில் முழுமையாகத் திரும்பக் காரணமாவது அரிது. ஆனால் இணைப்பைத் துண்டிக்கும் போலிச் செய்திகளை ஒருவர் அனுப்பினால் இப்படித்தான் நடக்கும். வைஃபையின் தொடக்க வடிவமைப்பில், "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று அக்சஸ் பாயிண்ட் (கருவிகளுக்கு வைஃபை இணைப்பை வழங்கும் பெட்டி) அனுப்பும் மேலாண்மைச் செய்திகளுக்கு எந்தச் சரிபார்ப்பும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அக்சஸ் பாயிண்டின் முகவரியைப் போட்டு அதை அனுப்பலாம். அவற்றுக்குப் பாதுகாப்பளிக்கும் 802.11டபிள்யூ தரநிலை 2009இல் வந்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 அதைக் கட்டாயமாக்கியது. அந்தக் கிடங்கின் பழைய ஸ்கேனர்களில் இரண்டுமே இல்லை.

துண்டிப்பதன் நோக்கம் வேலையைக் கெடுப்பது அன்று. கருவி மீண்டும் இணையும்போது, அதற்கும் அக்சஸ் பாயிண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் கொண்ட சாவிப் பரிமாற்றம் நடக்கிறது. அந்தச் செய்திகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதன்பின் கிடங்கின் அருகே இருக்க வேண்டிய தேவையில்லை. எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து, கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துச் சரிபார்க்கலாம். டபிள்யூபிஏ2, கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் கணக்கிட்ட பிறகே சாவியைப் பெறுவதால், ஒவ்வோர் ஊகத்துக்கும் சிறிது நேரம் செலவாகிறது. நீளமான, ஒழுங்கற்ற கடவுச்சொல்லுக்கு அது நல்ல காவல். நிறுவனப் பெயரும் ஆண்டும் சேர்ந்த ஒன்றுக்கு அது காவலே ஆகாது. கருவிகளைத் துண்டிக்காமலேயே இதே ஊகத்தைத் தொடங்க உதவும் இன்னொரு முறை 2018இல் வெளியானது என்பதால், துண்டிப்பு தெரியாத இடங்களில் உள்ளவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது.

பத்தொன்பதாம் நாள்

மாதக் கணக்கை முடிப்பதற்காக நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் கிளவுட் கட்டணப் பக்கத்தைத் திறந்தபோது, வழக்கமான மாதச் செலவைவிடப் பெரிய தொகை ஒரே நாளில் சேர்ந்திருப்பதைக் கண்டார். நிறுவனம் ஒருபோதும் பயன்படுத்தாத ஒரு புவிப்பகுதியில், கிராபிக்ஸ் செயலிகள் கொண்ட நான்கு மெய்நிகர் கணினிகள் முந்தைய நாள் முதல் ஓடிக்கொண்டிருந்தன. செலவு எல்லை தாண்டியதும் எச்சரிக்கை மின்னஞ்சல் உரிய நேரத்தில் புறப்பட்டிருந்தது. ஆனால் அது வேலையை விட்டுச் சென்ற அதே ஊழியரின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கிளவுட் கணக்கின் நிர்வாகப் பதிவுகளில் அந்த அணுகல் சாவியின் போக்கு தெளிவாகத் தெரிந்தது. ஆறாம் நாள் இரவு 1.40 மணிக்கு, "இந்தச் சாவி யாருடையது" என்று கேட்கும் அழைப்பு ஒன்று வந்திருந்தது. இரவு நேர ஸ்கிரிப்ட் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தன் சாவி எது என்று அதற்குத் தெரியும். சாவியைக் கண்டெடுத்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தேவை. அந்த அழைப்பு கிடங்கின் சொந்தப் பொது ஐபி முகவரியிலிருந்தே புறப்பட்டிருந்ததால் எந்தக் கண்காணிப்பு விதியும் அதைத் தடுக்கவில்லை. அடுத்த சில நாட்களில், சேமிப்பகங்களைப் பட்டியலிடும் அழைப்புகள் வேறு முகவரிகளிலிருந்து வந்திருந்தன.

முதல் மூன்று மணி நேரம்: எடுத்த முடிவுகள்

சாவியையும் மெய்நிகர் கணினிகளையும் உடனே அழித்துவிட வேண்டும் என்பதே அறையிலிருந்த பெரும்பாலோரின் எண்ணமாக இருந்தது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. சாவியை அழிக்காமல் முடக்கினோம். முடக்கப்பட்ட சாவி கணக்கில் தெரிந்துகொண்டே இருப்பதால், அது கடைசியாக எங்கே, எப்போது பயன்பட்டது என்பதைத் தொடர்ந்து பார்க்க முடியும். நான்கு கணினிகளையும் முதலில் நெட்வொர்க் விதிகளால் தனிமைப்படுத்தி, வட்டுகளின் நகலை எடுத்து, அதன் பின்னரே நிறுத்தினோம். இதனால் கூடுதலாக ஏறிய கட்டணம், பிறகு கிடைத்த சான்றுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் பெரிய தவறு நேர்ந்தது. சாவியை முடக்கிய 40 நிமிடங்களுக்குப் பிறகு, வேறொரு புவிப்பகுதியில் இரண்டு புதிய கணினிகள் தொடங்கின. முடக்கிய சாவி மறுபடி உயிர்பெற்றுவிட்டதோ என்று சில நிமிடங்கள் குழம்பினோம். உண்மையில் ஊடுருவியவர், முன்னதாகவே அந்தச் சாவியைக் கொண்டு கணக்கிலிருந்த ஒரு ரோலை (தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளக்கூடிய அனுமதித் தொகுப்பை) ஏற்று, தற்காலிக அடையாளங்களைப் பெற்று வைத்திருந்தார். மூலச் சாவியை முடக்குவதால் அந்தத் தற்காலிக அடையாளங்கள் செத்துவிடுவதில்லை; தமக்குரிய காலம் முடியும்வரை அவை செல்லும். குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வழங்கப்பட்ட எல்லா அடையாளங்களையும் மறுக்கும் விதியை அந்த ரோலின் மீது சேர்த்த பிறகே அழைப்புகள் நின்றன.

சாவியை முடக்குவதும், அந்தச் சாவியால் பிறந்த அமர்வுகளை, அதாவது தற்காலிக அடையாளங்களை, முடிப்பதும் இரண்டு வேறு வேலைகள். எங்கள் அவசரகால வழிமுறை ஏட்டில் முதல் வேலை மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இதை அறிந்தவர் கிளவுட் குழுவில் ஒருவர் இருந்தார். ஆனால் அந்த நேரத்தில் அவர் கட்டணப் பிரச்சினை குறித்துச் சேவை நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அறிந்தவரை அறையில் வைத்துக்கொள்ளாமல் தொலைபேசிக்கு அனுப்பிய முடிவு என்னுடையது.

கம்பியில்லா வழி எப்படித் தெரிந்தது

முதல் அழைப்பு கிடங்கின் முகவரியிலிருந்து வந்ததால், ஊழியர் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும் என்ற பேச்சு அன்று மாலையே தொடங்கிவிட்டது. ஒரு குறிப்பிட்ட இரவு ஷிப்ட் ஊழியரின் பெயரும் அடிபட்டது. பதிவுகள் பேசுவதற்கு முன் பெயர்கள் பேசப்படுவது ஆய்வுக்கும் கேடு, அந்த மனிதருக்கும் அநீதி. எனவே பதிவுகளைப் பார்த்து முடிக்கும்வரை யாரையும் விசாரிக்கக்கூடாது என்று நிர்வாகத்தை எழுத்து மூலம் கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அக்சஸ் பாயிண்ட் பதிவுகள் ஏழு நாட்களுக்கு மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. பழையவற்றின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன. ஐபி முகவரிகளை வழங்கும் சர்வரின் பதிவுகளோ 30 நாட்களுக்கு இருந்தன. ஆறாம் நாள் இரவு 1.22 மணிக்கு ஸ்கேனர்களுக்கான முகவரித் தொகுப்பிலிருந்து ஒரு முகவரி வழங்கப்பட்டிருந்தது. அதைப் பெற்ற கருவியின் வன்பொருள் முகவரி, 140 ஸ்கேனர்களின் பட்டியலில் இல்லை. மேலும், அந்த வன்பொருள் முகவரியின் இரண்டாம் இலக்கம் 6 ஆக இருந்தது. தயாரிப்பாளர் பதித்த முகவரியில் அந்த இடத்தில் அது வராது. மென்பொருளால் தற்காலிகமாக அமைத்துக்கொண்ட முகவரி என்பதற்கு அதுவே அடையாளம். சிறிய கணினியின் பதிவில், அதே ஐபி முகவரியிலிருந்து 1.31 மணிக்குப் பகிர்வுக் கோப்புறை ஒன்று திறக்கப்பட்டிருந்தது. உள் நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் கடவுச்சொல் இன்றித் திறக்கக்கூடிய கோப்புறை அது. ஸ்கிரிப்ட் அதற்குள்தான் இருந்தது. ஒன்பது நிமிடங்கள் கழித்துக் கிளவுட் கணக்குக்கு முதல் அழைப்பு போயிருக்கிறது.

வைஃபைக் கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது என்பதுதான் எஞ்சிய கேள்வி. அக்சஸ் பாயிண்ட் பதிவுகள் அழிந்துவிட்டன என்று நாங்கள் கைவிடும் நிலையில் இருந்தபோது, கண்காணிப்பாளர் தம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சரக்கு இருப்பு சர்வரில், அவர் குறித்த அந்த நேரங்களில் ஒரு ஸ்கேன்கூடப் பதிவாகாத இடைவெளிகள் இருந்தன. குறிப்பேட்டுக்கும் சர்வருக்கும் இரண்டு நிமிட வேறுபாடு மட்டுமே இருந்தது, அதுவும் மூன்று நாட்களிலும் மாறாமல் இருந்தது. சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்ததைப் பிறகு சரிபார்த்தோம். கடவுச்சொல் யாராலோ வெளியே சொல்லப்பட்டிருக்கலாம் என்ற வாய்ப்பை இது முற்றிலும் நீக்கிவிடவில்லை. எனினும் மூன்று காலைத் துண்டிப்புகளும் ஆறாம் நாள் இரவில் நுழைந்த அந்நியக் கருவியும் ஒரே கோட்டில் நின்றன. இரவு ஷிப்ட் ஊழியர்மீது சந்தேகம் கொள்ளப் பதிவுகளில் எதுவும் இல்லை என்று அறிக்கையில் தனி வரியாக எழுதினேன்.

எது வாசிக்கப்பட்டது என்ற கேள்வி

இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் கனமாக இருப்பது இந்தப் பகுதிதான். சாவியைக் கொண்டு சேமிப்பகங்களைப் பட்டியலிட்டது பதிவாகியிருந்தது. ஆனால் சேமிப்பகத்துக்குள் உள்ள ஒவ்வொரு கோப்பும் எப்போது, யாரால் வாசிக்கப்பட்டது என்பது வேறு வகைப் பதிவு. அது தானாக எழுதப்படுவதில்லை, கணக்கு உரிமையாளரே தனியாக இயக்க வேண்டும். சேவை நிறுவனம் தன் கட்டடத்தையும் வன்பொருளையும் காக்கும். தரவை யார் தொடலாம், தொட்டதை யார் குறித்து வைப்பது என்பவை வாடிக்கையாளரின் பொறுப்பு. இந்தப் பொறுப்புப் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக அந்தப் பதிவு இயக்கப்படாமல் விடப்பட்டிருந்தது.

எனவே வேறு வழியில் தேடினோம். கட்டணக் கணக்கின் மணிவாரி விவரத்தில், ஒன்பதாம், பத்தாம் நாள் இரவுகளில் சேமிப்பகத்திலிருந்து வெளியே சென்ற தரவின் அளவு வழக்கத்தைவிட ஏறத்தாழ 60 ஜிகாபைட் அதிகமாக இருந்தது. ரசீதுக் காப்பகத்தின் மொத்த அளவோடு பார்த்தால் அது ஒரு சிறு பகுதி. எந்தப் பகுதி என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை.

கூட்டத்தில் இரண்டு வாதங்கள் எழுந்தன. காப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததால் அஞ்ச வேண்டியதில்லை என்றார் ஒருவர். அந்தக் குறியாக்கம், சேவை நிறுவனத்தின் வட்டை யாரேனும் எடுத்துச் சென்றால் காக்கும். அனுமதி உள்ள சாவியுடன் கேட்பவருக்குச் சேமிப்பகமே கோப்பைக் குறிநீக்கித்தான் கொடுக்கும். நிறுவனத்தின் சட்ட ஆலோசகர், குறிப்பிட்ட நபர்களின் தரவு வெளியேறியதற்குச் சான்று இல்லாதபோது அனைவருக்கும் அறிவிக்கத் தேவையில்லை என்று கருதினார். பதிவு இல்லாதது எங்கள் குறை, அதன் பயனை நாங்களே எடுத்துக்கொள்வது முறையாகாது என்பது எங்கள் வாதம். முகவரியும் கையொப்பமும் தொலைபேசி எண்ணும் சேர்ந்து ஒருவர் கையில் கிடைத்தால், அதைக்கொண்டு விநியோக நிறுவனத்தின் பெயரில் ஏமாற்று அழைப்பு வருவது எளிது. எச்சரிக்கப்பட்டவர் மட்டுமே அதிலிருந்து தப்ப முடியும். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, காப்பகத்தில் பெயர் உள்ள அனைவருக்கும் அறிவிப்பது என்று நிர்வாக இயக்குநர் முடிவெடுத்தார். எந்தெந்த விவரங்கள் வெளியேறியிருக்கலாம், எத்தகைய அழைப்புகளை நம்பக்கூடாது என்பவை கடிதத்தின் முதல் பத்தியிலேயே இடம்பெற்றன.

வைஃபையில் எடுத்த முடிவுகள்

கடவுச்சொல்லை அன்றிரவே மாற்ற வேண்டும் என்ற குரல் வலுவாக இருந்தது. நாங்கள் அதை இரண்டாவதாக வைத்தோம். முதலில் ஸ்கேனர்களைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றி, அங்கிருந்து சரக்கு இருப்பு சர்வரை மட்டும் அடையும்படி ஃபயர்வாலில் விதி எழுதினோம். புதிய கடவுச்சொல்லும் ஒருநாள் கசியும். கசிந்ததைப் பெற்றவன் உள்ளே வந்தால் எதைத் தொடுவான் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பதே காரணம். உள் நெட்வொர்க்கில் இருப்பதாலேயே ஒரு கருவியை நம்பக்கூடாது என்ற கொள்கையை, அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2020இல் வெளியிட்ட 800-207 ஆவணம் விரிவாக எடுத்துரைக்கிறது. எங்கள் நிறுவனத்தில் அந்த ஆவணம் பயிற்சி வகுப்பில் படிக்கப்பட்டிருந்தது; கிடங்கின் நெட்வொர்க் மட்டும் அதற்குள் வரவில்லை.

சிறிய கணினியைக் கம்பி இணைப்புக்கு மாற்றினோம். அதன் வட்டை நகலெடுத்த பின் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவினோம். ஊடுருவல் தெரியவந்த மூன்றாம் நாள் இரவு ஷிப்டில் சரக்கு ஏற்றுவதை நான்கு மணி நேரம் நிறுத்தி, 140 ஸ்கேனர்களுக்கும் கருவிக்கொரு தனிக் கடவுச்சொல் கொடுத்தோம். அக்சஸ் பாயிண்டுகள் அந்த வசதியைக் கொண்டிருந்தன; இத்தனை ஆண்டுகளாக அது பயன்படுத்தப்படாமல் இருந்தது. இனி ஒரு ஸ்கேனர் தொலைந்தால் அதன் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நீக்கினால் போதும். புதிதாக வாங்கும் ஸ்கேனர்கள் டிஜிட்டல் சான்றிதழ் (அடையாளத்தை உறுதிசெய்யும் கோப்பு) வழி இணைகின்றன. எதிரே உள்ள சர்வரின் சான்றிதழையும் கருவி கட்டாயம் சரிபார்க்கும்படி அமைத்தோம், ஏனெனில் அந்தச் சரிபார்ப்பு இல்லையென்றால் அதே பெயரில் அமைக்கப்படும் போலி அக்சஸ் பாயிண்டைக் கருவி உண்மையென நம்பிவிடும்.

வைஃபையில் நுழைந்து மையத் தரவை அடையும் வழி புதியதன்று. 2007இல் வெளிவந்த டிஜேஎக்ஸ் சில்லறை வணிக நிறுவனத்தின் தரவுத் திருட்டில் 4.5 கோடிக்கும் மேற்பட்ட அட்டை எண்கள் பறிபோயின. அங்கும் பலவீனமான கம்பியில்லாக் குறியாக்கமே வாசலாக இருந்தது. மையத் தரவு இன்று கிளவுடில் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

பின்னர் நடந்தவை

மெய்நிகர் கணினிகளின் வட்டு நகல்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள் இருந்தது. ரசீதுகளை எடுத்தவரும் கணினிகளைத் தொடங்கியவரும் ஒருவரேயா, சாவி கைமாறியதா என்பது முடிவாகவில்லை. சேவை நிறுவனம் எங்கள் விளக்கத்தையும் பதிவுகளையும் பார்த்த பின் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. அறிவிப்புக் கடிதம் சென்ற பிறகு, நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்ட அழைப்புகளைப் பற்றிச் சிலர் தெரிவித்தார்கள். அவர்களில் எவரும் பணம் கொடுத்திருக்கவில்லை.

மாற்றியவையும் எஞ்சியவையும்

நீண்டகால அணுகல் சாவிகள் எதுவும் கிடங்குகளில் இப்போது இல்லை. சிறிய கணினி தன் சான்றிதழைக் காட்டி, ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் அடையாளத்தைப் பெறுகிறது. அந்த அடையாளத்தால் ஒரே சேமிப்பகத்தில் எழுத மட்டுமே முடியும், வாசிக்க முடியாது. ரசீதை ஏற்றும் வேலைக்கு வாசிக்கும் அனுமதி ஒருபோதும் தேவைப்பட்டதில்லை என்பதை நிகழ்வுக்குப் பிறகே உணர்ந்தோம். ரசீதுக் காப்பகத்துக்குக் கோப்பு வாசிப்புப் பதிவு இயக்கப்பட்டுள்ளது. அக்சஸ் பாயிண்ட் பதிவுகள் ஓராண்டுக்குத் தனி இடத்தில் சேர்கின்றன. செலவு எச்சரிக்கை, தனி நபருக்குப் பதில் குழுப் பெட்டிக்கும் நிதிப் பிரிவுக்கும் செல்கிறது. அவசரகால ஏட்டில், சாவியை முடக்கும் வரிக்கு அடுத்த வரியாக அமர்வுகளை முடிக்கும் முறை எழுதப்பட்டுள்ளது. இரண்டு குழுக்களுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் உரிமையாளர் பெயர் குறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பட்டியலைத் தயாரித்தபோது உரிமையாளர் இல்லாத இயந்திரங்கள் இன்னும் ஐந்து கிடைத்தன.

பழைய ஸ்கேனர்கள் இன்னும் மாற்றப்படவில்லை. மேலாண்மைச் செய்திகளுக்கான பாதுகாப்பு அவற்றில் இல்லாததால், துண்டிக்கும் போலிச் செய்தியை அவை இன்றும் நம்பும். அவை மாற்றப்படும்வரை, ஒரு நிமிடத்துக்குள் மூன்று ஸ்கேனர்கள் சேர்ந்து இணைப்பை இழந்தால் இரு குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் தகவல் செல்லும்படி அமைத்திருக்கிறோம். உதவி மையத்தில் "குறுக்கீடு" என்ற காரணத்தைக் காட்டி ஒரு புகாரை முடிப்பதற்கு முன், புகார் கொடுத்தவரிடம் எத்தனை கருவிகள், எந்த நேரத்தில் விட்டுப்போயின என்று கேட்டு எழுத வேண்டும். கேள்விப் படிவத்தின் வரிசையைக் கண்காணிப்பாளரே எழுதிக் கொடுத்தார். அவருடைய குறிப்பேட்டில் இருந்த கட்டங்களே அதில் உள்ளன.